விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் எங்கே? கொல்கத்தா நிறுவனங்களின் நூற்றாண்டுக் கணக்கு

புதுதில்லி: எழுபத்தொன்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு முகப்பூச்சுக் குழாய் பற்றிய வழக்கு முடிவுக்கு வர 11 ஆண்டுகள் பிடித்தன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இமாமி நிறுவனத்தின் "ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்" பூச்சைப் பயன்படுத்தியும் நிறம் மாறவில்லை என்று தில்லிக்காரர் ஒருவர் 2013-ல் புகார் கொடுத்தார். மத்திய தில்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் நல நிதிக்கு ரூ. 14.5 லட்சமும், புகார்தாரருக்கு ரூ. 50 ஆயிரமும், வழக்குச் செலவாக ரூ. 10 ஆயிரமும் செலுத்துமாறு நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது.

அபராதத் தொகையைவிட, நிறுவனம் முன்வைத்த வாதம்தான் கவனத்துக்குரியது. பூச்சு பலன் தர வேண்டுமானால் சத்தான உணவு, உடற்பயிற்சி, ஆரோக்கியமான பழக்கவழக்கங்கள் எல்லாம் வேண்டும். குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட, நோயற்ற ஆண்களுக்கானது அந்தப் பொருள். அறிவுறுத்தியபடி அது பயன்படுத்தப்பட்டதா என்பதற்குச் சான்று இல்லை என்றெல்லாம் நிறுவனத்தின் தரப்பில் கூறப்பட்டது. அப்படியானால் இந்த நிபந்தனைகளை ஏன் உறையின் மீது அச்சிடவில்லை என்பதே ஆணையத்தின் கேள்வி. தினம் இருமுறை பூசினால் போதும் என்ற தோற்றத்தைக் கடையில் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் மட்டும் நிபந்தனைகளை அடுக்குவது நேர்மையற்ற வர்த்தக முறை என்று ஆணையம் முடிவு செய்தது.

இதே வழக்கில் 2015-ல் ஏற்கெனவே ஒரு முறை அபராதம் விதிக்கப்பட்டதும், 2017-ல் மாநில ஆணையம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியதும் தனிக் கதை. வழக்கு நடந்த ஆண்டுகளில் அந்தப் பூச்சு நாடெங்கும் விற்பனையாகிக் கொண்டுதான் இருந்தது. 2025-ல் அதன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல் நீக்கப்பட்டு "ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம்" ஆனது.

இமாமி இன்று பெருநிறுவனம். ஆனால், 1974-ல் வேலையை உதறிவிட்டு வந்த இரு நண்பர்கள் சிறு முதலீட்டில் கொல்கத்தாவில் தொடங்கிய அழகுசாதனத் தொழில்தான் அது. இன்றைய சொல்லில் "ஸ்டார்ட்-அப்". மத்திய அரசு 2016 ஜனவரியில் "ஸ்டார்ட்-அப் இந்தியா" திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஜனவரிக்குள் அரசு அங்கீகாரம் பெற்ற இத்தகைய நிறுவனங்களின் எண்ணிக்கை 1.5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொழிலாளர், சுற்றுச்சூழல் சட்டங்களில் சிலவற்றுக்குத் தாமே சான்றளித்துக்கொள்ளும் சலுகை இவற்றுக்கு உண்டு. விளம்பரத்தில் உண்மை பேசும் கடமையிலிருந்து மட்டும் எந்த விலக்கும் இல்லை. அரசு அங்கீகாரம் என்பது நிறுவனம் பதிவு பெற்றதைக் குறிக்குமே தவிர, அதன் பொருளுக்குக் கொடுக்கப்பட்ட தர முத்திரை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிய நிறுவனத்துக்குப் பழைய பெயர் கிடையாது. தலைமுறை தலைமுறையாக வாங்கும் வாடிக்கையாளர் கிடையாது. அதன் கையில் இருப்பது வாக்கு ஒன்றுதான். அந்த வாக்கை எப்படிக் காப்பது என்பதற்கும், எப்படி விற்றுத் தீர்ப்பது என்பதற்கும் கொல்கத்தாவிலேயே உதாரணங்கள் கிடைக்கின்றன.

எழுநூறு ரூபாய் முதலீடு

பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பித்து வந்த பிரபுல்ல சந்திர ராய், 1892-ல் அப்பர் சர்குலர் சாலை 91-ஆம் எண் வாடகை வீட்டில் மருந்து தயாரிப்பைத் தொடங்கினார். முதலீடு ரூ. 700. அதுவே பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிக்கல் ஒர்க்ஸ், 1901-ல் ரூ. 2 லட்சம் மூலதனத்தில் பங்கு நிறுவனமானது.

அப்போது கடைத்தெருவில் இறக்குமதி மருந்துக்கே மதிப்பு. உள்நாட்டில் காய்ச்சி வடித்த மருந்தை எவரும் நம்பவில்லை. "சுதேசி" என்று கூவி விற்றிருந்தால் நாலு பேர் தேசபக்திக்காக வாங்கியிருக்கக்கூடும். ராய் தேர்ந்தெடுத்த வழி வேறு. ஆங்கிலேயரின் மருந்தியல் நூலில் என்ன தரம் கூறப்பட்டிருக்கிறதோ, அந்தத் தரத்துக்கே தமது மருந்துகளைத் தயாரித்தார். அமுல்ய சரண் போஸ் என்ற மருத்துவ நண்பர் அவற்றை மற்ற மருத்துவர்களிடம் எடுத்துச் சென்றார். கொல்கத்தாவில் நடந்த இந்திய மருத்துவ மாநாட்டில், நாட்டு மூலிகைகளிலிருந்து தயாரித்த மருந்துகள் மருத்துவர்கள் முன்னிலையில் வைக்கப்பட்டன. ஆளும் நாட்டின் தரநூலை அளவுகோலாக ஏற்று, ஆராய்ந்து பார்க்கத் தெரிந்தவர்களிடம் முதலில் பொருளைக் கொடுத்து, அதன் பிறகே சந்தைக்குச் சென்ற முறை அது. நெடுங்காலம் தனியாரிடம் இருந்த அந்த நிறுவனம் 1980-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டது.

எல்லோரும் ராய் அல்ல என்பதைப் பின்னர் வந்த விசாரணை காட்டியது. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் 1930-ல் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கலப்படமும் வீரியம் குறைந்த சரக்கும் சந்தையில் உலவியதை அக்குழு ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளின் விளைவாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. மருந்தின் தரம் சட்டத்துக்குள் வந்தாலும் மருந்தைப் பற்றிய வாய்ச்சவடால் வெளியிலேயே இருந்தது. அதைப் பிடிக்க 1954-ல் "மந்திர மருந்துகள்" விளம்பரத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது.

புயலை அடக்கிய எண்ணெய்

விளம்பரத்தில் மிகையே கூடாது என்று கொல்கத்தா எப்போதும் கூறியதில்லை. "குந்தளின்" என்ற கூந்தல் எண்ணெயையும் "தெல்கோஷ்" என்ற நறுமணத்தையும் தயாரித்த ஹேமேந்திர மோகன் போஸ், 1896-ல் சிறுகதைப் போட்டி ஒன்றை அறிவித்தார். கதையில் அந்தப் பொருள்களின் பெயர் வர வேண்டும். ஆனால் கதை விளம்பரமாகிவிடக் கூடாது என்பது நிபந்தனை. முதல் பரிசு பெற்ற கதையில், கொல்கத்தாவை நோக்கி வந்த புயல் திடீரெனக் காணாமல் போகிறது. கப்பலில் சென்ற ஒருவர் ஒரு புட்டி குந்தளினைக் கடலில் ஊற்றியதுதான் காரணமாம். பெயர் குறிப்பிடாமல் அதை எழுதியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

அந்தக் கதையைப் படித்துவிட்டுப் புயலுக்குப் பயந்து எண்ணெய் வாங்கியவர் எவரும் இருந்திருக்க முடியாது. சிரிக்க வைக்கும் மிகைக்கும் நம்ப வைக்கும் பொய்க்கும் உள்ள தூரம் அதுதான். விளம்பரத் துறையினர் 1985-ல் தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் நெறிமுறையும் இதை ஏற்கிறது. பொய் என்று எவருக்கும் வெளிப்படையாகத் தெரியும் வேடிக்கைக்கு அனுமதி உண்டு. அளந்து பார்க்கக் கூடிய உண்மையைப் பற்றிப் பேசினால் அதற்குச் சான்று வேண்டும்.

நடிப்பு நடந்த தொழிற்சாலை

சாரதா குழுமத்தை முகப்பூச்சு வழக்கோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னது விளம்பர மீறல். பின்னது லட்சக்கணக்கானோரின் சேமிப்பை விழுங்கிய குற்றம். ஆயினும் விளம்பர வாக்குறுதியை எவரும் சரிபார்க்காவிட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கொல்கத்தாவில் இல்லை.

ராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியார் அன்னை சாரதா தேவியை நினைவூட்டும் பெயரே அந்த நிறுவனத்தின் முதல் விளம்பரம். நிலம், வீடு, சுற்றுலா என்று கூறி வைப்புத்தொகை திரட்டப்பட்டது. தொலைக்காட்சி சேனல்களும் நாளிதழ்களும் குழுமத்தின் வசமாயின. நாடாளுமன்ற உறுப்பினர்களே அதனுடன் தொடர்பு கொண்டிருந்தனர். நடிகையும் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினருமான சதாப்தி ராய் விளம்பரத் தூதராக இருந்தார். ஊடகப் பிரிவுக்குத் தலைமை வகித்த மாநிலங்களவை உறுப்பினர் குணால் கோஷ் 2013 நவம்பரில் கைது செய்யப்பட்டார். நஷ்டத்தில் இருந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றைக் குழுமம் வாங்கியது. முகவர்களும் முதலீட்டாளர்களும் பார்வையிட வரும்போதெல்லாம் வேலை செய்வதுபோல் நடிக்குமாறு அங்கிருந்த தொழிலாளர்களிடம் கூறப்பட்டது என்று அப்போது செய்திகள் வெளியாயின. விளம்பரத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டிய இடத்தில் ஆதாரமே நாடகமாகிவிட்டது.

பங்குச் சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2011-லேயே மாநில அரசை உஷார்படுத்தியது. நிறுவனத்துக்கு எதிரான அதன் இறுதி உத்தரவு வந்தது 2013 ஏப்ரல் 23-ல். குழுமத்தின் தலைவர் சுதீப்த சென் காஷ்மீரில் பிடிபட்டதும் அதே நாளில்தான். திரட்டப்பட்ட தொகை ரூ. 2,459 கோடி என்று சிறப்புப் புலனாய்வுக் குழு கணக்கிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மறுநாள் மம்தா பானர்ஜி ரூ. 500 கோடியில் நிவாரண நிதி அறிவித்தார். அதற்காகப் புகையிலைப் பொருள்கள் மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டது. ஏமாற்றப்பட்டவர்களுக்கான தொகையில் ஒரு பகுதியைப் புகைபிடிப்பவர்கள் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. வழக்கை 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிபிஐ-க்கு மாற்றியது.

தமிழக வாசகர்களுக்கு இது அன்னியக் கதை அல்ல. தொண்ணூறுகளில் சென்னையின் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டதன் விளைவாகத்தான் 1997-ல் தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் ஈமு கோழிகள் வந்தன. 2022-ல் ஆருத்ரா வந்தது.

நாடாளுமன்றம் செய்ததும் செய்யாததும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புதுப்பிக்கும் மசோதா 2015 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. அதை ஆராய்ந்த ஜே.சி. திவாகர் ரெட்டி தலைமையிலான நிலைக்குழு, பொய் விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கு இரண்டு ஆண்டு சிறை என்று 2016-ல் பரிந்துரைத்தது. மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு. திரையுலகமும் கிரிக்கெட் உலகமும் பதறின. இறுதியில் ராம்விலாஸ் பாஸ்வான் கொண்டுவந்த 2019-ஆம் ஆண்டு மசோதாவில் பிரபலங்களுக்கான சிறைத் தண்டனை இல்லை. மாறாக, முதல் முறை ரூ. 10 லட்சம் வரையும், அடுத்தடுத்த முறை ரூ. 50 லட்சம் வரையும் அபராதம்; ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடை. தாம் பேசும் வாசகத்தைச் சரிபார்த்துக்கொண்டவர்களுக்குப் பொறுப்பு இல்லை. தயாரிப்பாளருக்கான சிறைத் தண்டனைப் பிரிவு மட்டும் சட்டத்தில் தங்கியது.

மாநிலங்களவை இதை நிறைவேற்றியது 2019 ஆகஸ்ட் 6-ல். அன்று மக்களவையில் காஷ்மீர் மசோதா விவாதத்தில் இருந்தது. நாட்டின் ஒவ்வொரு வீட்டையும் தொடும் சட்டம் ஒன்று நிறைவேறியதை அன்று கவனித்தவர்கள் சிலரே.

சட்டத்தின் வரையறையில் ஒரு பகுதி முக்கியமானது. பொய்யான வர்ணனையும் பொய்யான உத்தரவாதமும் மட்டுமல்ல, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே. இமாமி வழக்கு பழைய சட்டத்தின் காலத்தில் தொடங்கியது என்றாலும், அச்சிடப்படாத நிபந்தனை என்ற அந்தச் சிக்கலைத்தான் புதிய வரையறை நேரடியாகத் தொடுகிறது. 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூன் 9-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நட்சத்திரக் குறியிட்டு அடியில் போடும் நிபந்தனை, விளம்பர வாசகத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். மேலே சொன்னதைக் கீழே மறுக்கக் கூடாது. அளந்தறியக் கூடிய ஒவ்வொரு கூற்றுக்கும் கேட்டால் காட்டச் சான்று இருக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன என்பதைப் பெங்களூரைச் சேர்ந்த ராபிடோ நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிந்துகொண்டது. 2015-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வரும், வராவிட்டால் 50 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. 50 ரூபாய் என்பது உண்மையில் "50 வரை"; அதுவும் ரொக்கமல்ல, நிறுவனத்தின் செயலியில் மட்டும் செல்லுபடியாகும் "நாணயம்"; ஏழு நாளில் அதுவும் காலாவதி. இவை எல்லாம் படிக்க முடியாத சிறிய எழுத்தில் இருந்தன. ஒன்றரை ஆண்டு ஓடிய அந்த விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. வாக்களித்த தொகை கிடைக்காத வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுக்கவும் உத்தரவானது.

சென்னையும் தப்பவில்லை. 2022 குடிமைப் பணித் தேர்வில் வென்ற 933 பேரில் 336 பேர் தமது மாணவர்கள் என்று சங்கர் ஐஏஎஸ் அகாதெமி விளம்பரம் செய்தது. அவர்களில் 221 பேர் பெற்றது இலவச நேர்காணல் பயிற்சி மட்டுமே என்பது விசாரணையில் தெரியவந்தது. அதாவது, முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் அவர்கள் வென்ற பிறகு கிடைத்த பயிற்சி. எண் பொய்யில்லை, எந்தப் பயிற்சி என்பதைச் சொல்லாமல் விட்டதே குற்றம். 2024-ல் ரூ. 5 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 தொடக்கம் வரை 24 பயிற்சி நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்ட மொத்த அபராதம் ரூ. 77.60 லட்சம், சராசரியாக நிறுவனத்துக்கு மூன்றே கால் லட்சம். முன்னணி நாளிதழ் ஒன்றில் முதல் பக்க விளம்பரத்துக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமை என்று கூற முடியாது. அபராதத்தையும் விளம்பரச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம் என்று ஒரு நிறுவனம் நினைத்தால் அதைத் தடுக்கும் வலிமை இந்தத் தொகைக்கு இல்லை.

ஆகவே, சட்டம் வரும் வரை காத்திராமல் விளம்பரம் வெளியாகும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்தான் எஞ்சுகின்றன. "நாட்டின் முதலிடம்" என்றால் விற்பனையிலா, எண்ணிக்கையிலா, எந்த ஆண்டில், யார் எடுத்த கணக்கு? "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் எந்த ஆய்வகம், எத்தனை பேரிடம், எத்தனை நாள்? சோதிக்கப்பட்டது விற்கப்படும் பொருள்தானா, அல்லது அதில் கலந்திருக்கும் ஒரு சேர்மானம் மட்டுமா? இவற்றுக்கான விடை விற்பனைப் பிரிவின் நினைவில் இருந்தால் போதாது. தேதியிட்ட கோப்பில் இருக்க வேண்டும். பொருளின் கலவை மாறினால் பழைய சோதனை முடிவும் அன்றோடு செல்லாது. பெருநிறுவனங்களில் இதற்கென வழக்குரைஞர்கள் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் விளம்பர வாசகத்தை எழுதுபவரும், அதைச் சரிபார்ப்பவரும், முதலீட்டாளரிடம் கணக்குக் காட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரேதான். சறுக்கல் தொடங்கும் இடம் அதுவே. சட்டமோ பத்துப் பேர், பத்தாயிரம் பேர் என்று பேதம் பார்ப்பதில்லை.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சாரதா போன்ற மோசடிகளுக்குப் பின் நாடாளுமன்றம் 2019-ல் இயற்றிய முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்கள் தடைச் சட்டம், அத்தகைய திட்டங்களுக்கு விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியது. அந்த விளம்பரத்தை வெளியிட்ட நாளிதழ், அரசு உத்தரவிட்டால், அதே இடத்தில் அதே முறையில் கட்டணம் இன்றி மறுப்பு வெளியிட வேண்டும் என்றும் அதில் ஒரு பிரிவு உள்ளது. விளம்பர வருவாயில் நடக்கும் எந்த நாளிதழும் விரும்பிப் படிக்கும் பிரிவு அல்ல அது.

கொல்கத்தாவில் சாரதாவைவிடப் பெரிய தொகை திரட்டிய ரோஸ் வேலி குழுமமும் விடுமுறை உல்லாசத் திட்டங்களைக் காட்டியே பணம் வசூலித்தது. கிரிக்கெட் அணியின் சட்டையிலும் அதன் பெயர் இருந்தது. ரூ. 17,520 கோடி வசூலானதில் ரூ. 6,666 கோடி திரும்பவில்லை என்பது அமலாக்கத் துறையின் கணக்கு. அதன் தலைவர் கௌதம் குண்டு 2015 மார்ச்சில் கைதானார். பத்தாண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில், மீட்கப்பட்ட ரூ. 515 கோடிக்கான வரைவோலை, நீதிபதி திலீப் குமார் சேட் தலைமையிலான சொத்து விற்பனைக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழரை லட்சம் பேருக்கு அதிலிருந்து பணம் கிடைக்கும் என்று மத்திய அரசு தெரிவித்தது.